திருவழிபாட்டுக் காலங்களும் இசைக்கருவிகளும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறித்துவ வழிபாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமய வாழ்வை ஆராய்வோர் கோயில் இசைக்கு அளித்துள்ள கவனம் தேவாலய இசைக்குப் பெரிதும் கிட்டவில்லை எனலாம். பிரிக்பீல்ட்ஸில் 1924ஆம் ஆண்டு அமைந்த சீயோன் லுத்தரன் ஆலயம், கிள்ளானில் 1928ஆம் ஆண்டு எழுந்த லூர்து மாதா ஆலயம் முதலியவற்றிலும், மேரு போன்று இரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர்களின் கிறித்துவக் குடும்பங்களிடையேயும் தமிழ்ப்பாட்டு வழிபாட்டின் உயிர்நாடியாக இருந்து வந்துள்ளது. இவ்வழிபாட்டில் எக்காலத்தில் கருவி ஓங்கி ஒலிக்க வேண்டும், எக்காலத்தில் அடங்க வேண்டும் என்பதற்கு ஒரு முறைமை உண்டு. அம்முறைமையையும், பாடலின் தமிழோடு அதற்குள்ள தொடர்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைப் பாட்டு மரபு

சீர்திருத்தத் திருச்சபையினர் பாடிவரும் பாடல்களை ஞானப்பாட்டு, கீர்த்தனை என இரண்டாகப் பகுக்கலாம். ஞானப்பாட்டு ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தி அமைத்தது. தமிழகத்தில் இறைப்பணி ஆற்றிய பப்ரீசியஸ் (1711-1791) இத்துறையில் முன்னின்றவர். கீர்த்தனையோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்புடன் இராக தாளத்திற்கு இயைந்து பிறந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இம்மரபின் தலையாய கவிஞராகப் போற்றப்படுகிறார். பாடகர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியை மீட்டுப் பாடுவதால் எழுத்தறியாதோரும் வழிபாட்டில் பங்குகொள்ள இயன்றது. தோட்டப்புற மக்களிடையே கீர்த்தனை வேரூன்றியமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

இவ்விரு மரபுகளையும் தமிழாசிரியர்கள் ஒலி நோக்கில் ஒப்பிட்டுக் காணுதல் நலம். அயல் மெட்டின் நீண்ட சுரத்தில் குற்றெழுத்து வந்து அமையுமாயின் 'வரம்' என்பது 'வாரம்' என்றும், 'மனம்' என்பது 'மானம்' என்றும் செவியில் விழும். சொல்லும் தாளமும் ஒருங்கே பிறந்த பாடலில் இவ்விடர்ப்பாடு குறைவு.

கருவிகள் இடம்பெற்ற வரலாறு

கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு விடுத்த இசை மடல், பியானோவையும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளையும் ஆலயத்தினுள் விலக்கியது. 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழலார்கனுக்கு உயர்மதிப்பு அளித்ததோடு, தூய வழிபாட்டிற்குப் பொருந்தும் பிற கருவிகளையும் அனுமதித்தது. ஒவ்வோர் இனத்தாரின் இசைமரபும் மதிக்கப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. இலத்தீனுக்கு மாற்றாகத் தாய்மொழித் திருப்பலி வந்தபோது மிருதங்கம், தபலா, வயலின் ஆகியவை திருப்பலியில் இடம்பெற வழி பிறந்தது.

ஆர்மோனியத்தின் பரவலுக்குப் பொருளியற் காரணமும் உண்டு. பாரிஸில் 1842ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இக்கருவி, பின்னர்க் கல்கத்தாவில் தரையில் அமர்ந்து கையால் துருத்தியியக்கி வாசிக்கும் சிறு வடிவம் பெற்றது. மின்சாரம் வேண்டாமை, தூக்கிச் செல்லும் எளிமை ஆகியவற்றால் வீட்டுச் செபக் கூட்டங்களுக்கு இது ஏற்றதாயிற்று. ஆயினும் கமகத்தை முழுமையாக எழுப்பும் ஆற்றல் இதற்கு இல்லை.

காலமும் கருவியும்

திருவருகைக் காலத்தில் கருவிகளை அளவோடு இசைக்க வேண்டும் என்றும், தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமே இசைக்க வேண்டும் என்றும் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் இதற்கு விலக்காம். பெரிய வியாழன் மாலையில் வானவர் கீதத்தின்போது ஒலிக்கும் ஆலயமணி, பாஸ்கா திருவிழிப்பில் அக்கீதம் மீண்டும் பாடப்படும் வரை ஒலிப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மணிக்கு மாற்றாக மரக்கட்டையைத் தட்டி ஒலியெழுப்புவது வழக்கம். அவ்வமைதியே உயிர்ப்பு விழாவின் மணியோசைக்கும் மத்தள முழக்கத்திற்கும் பொருள் தருகிறது.

தமிழ்மரபும் இதற்கு இணையான வேறுபாட்டை அறியும். முகாரி போன்ற இராகங்கள் துயரச் சுவைக்கு உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம், பாடுகளின் நினைவைப் புலம்பல் நடையில் தமிழாக்கித் தந்தது. திசம்பர் மாதத்தில் வீடுதோறும் செல்லும் கீத பவனியிலோ தாளமும் தபலாவும் தயக்கமின்றி முழங்குகின்றன.

இன்றைய நிலை

கீபோர்டு எனப்படும் மின்விசைப் பலகை இன்று பல ஆலயங்களில் முதன்மைக் கருவியாகிவிட்டது. ஒருவரே பல கருவிகளின் ஒலியை எழுப்ப இயலுவதால் சிறு சபைகளுக்கு அது பேருதவி புரிவதை மறுப்பதற்கில்லை. எனினும், அதில் முன்கூட்டியே பதிந்துள்ள தாளக்கட்டுகளுள் மிகுதியானவை நான்கு எண்ணிக்கையின. ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்டசாபுவோ, ஏழு கொண்ட மிசிரசாபுவோ அவற்றுள் அடங்காது. பாடலை அத்தாளத்திற்குள் திணிக்கும்போது குறில் நெடிலாக நீள்கிறது, சீர் சிதைகிறது. தவக்காலப் புலம்பலுக்கும் கிறிஸ்துமஸ் பாடலுக்கும் ஒரே கொட்டு அமைந்துவிடுவதும் உண்டு.

மேலும், கீர்த்தனை நூல்களில் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். திரையில் காட்டப்படும் வரிகளில் இக்குறிப்பு பெரும்பாலும் விடுபடுகிறது. தமிழ் எழுத்தறியாத இளையோர்க்காக உரோமன் எழுத்தில் தரும்போது ல, ள, ழ வேறுபாடும் மறைந்துவிடக் கூடும். பாடுவோர் தொகை குறையாவிடினும் பாடலின் மொழி தேய்கிறது என்பதே நாம் கவலை கொள்ளத்தக்க செய்தியாகும்.

முடிவுரை

கருவிகளை மாற்றுவதால் மட்டும் மரபு அழிந்துவிடாது. வயலினும் ஆர்மோனியமும் ஒருகாலத்தில் நமக்குப் புதியனவே. எக்காலத்தில் எவ்வாறு இசைப்பது என்னும் அறிவு கைமாறாது போனால்தான் மரபு அறுபடும். திரையில் தமிழ் எழுத்தையும் இராக தாளக் குறிப்பையும் உடன் காட்டுவது, மூத்த பாடகர்களின் பாடுமுறையைக் காலவாரியாக ஒலிப்பதிவு செய்வது, கீர்த்தனையை யாப்பும் ஒலிப்பும் கற்பிக்கும் பாடமாக வகுப்பறையில் கையாள்வது ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. ஆலயப் பாடகர் குழுவும் தமிழாசிரியரும் இணைந்து இப்பணியை மேற்கொள்வாராயின் இசையோடு மொழியும் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.