தஞ்சை யாத்திரையும் இணையத் தரகும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வரும் யாத்திரிகர் இப்பொழுது ஊரில் இறங்கி, தங்குவதற்கு நல்ல இடம் எது என்று எவரையும் விசாரிப்பதில்லை. வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே ரயில் சீட்டு, அறை, வண்டி யாவும் அவருடைய கைபேசியில் முடிவாகி விடுகின்றன. இதனால் பிரயாணிகளுக்கு விளைந்த சௌகரியம் பெரிது. அதை மறுப்பார் இலர். ஆனால், அச்சௌகரியத்திற்குக் கூலி கொடுப்பவர் யார், அக்கூலி எங்கே போய்ச் சேருகிறது என்னும் கேள்வியை நம் ஜில்லாவாசிகள் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஆதலின் அவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

நன்மையை முதலில் சொல்வதே நியாயம். நம் தேசத்தில் பொது ஜனங்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ல். 2002-ல் ரயில் சீட்டு இணையத்தில் விற்கப்படலாயிற்று. அதற்கு முன் கும்பகோணம் ஸ்டேஷனிலோ மாயவரத்திலோ விடியற்காலையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் இடமில்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேர்! இன்று முன்பதிவுச் சீட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இணைய வழியே வாங்கப்படுகின்றன. தீபாவளிக்குச் சொந்த ஊர் செல்ல பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பெங்களூரில் தங்கிவிட்ட பணீந்திர சாமா என்னும் இளைஞர், நண்பர்களுடன் சேர்ந்து 2006-ல் ரெட்பஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தரகர் கையில் இருந்த பஸ் சீட்டு அதனால் பிரயாணியின் கைக்கு வந்தது.

ஊர்களுக்கும் நன்மை உண்டு. பெரிய கோயில் 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று; தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-ல் அதனுடன் சேர்ந்தன. இவற்றோடு நில்லாமல், புள்ளமங்கையின் சிறு சிற்பங்களைப் படத்தில் கண்டு, வழி கேளாமலே வரைபடத்தின் துணையால் வந்து நிற்கும் அன்பர்களையும் இன்று காண்கிறோம்.

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். கும்பகோணத்து விடுதி ஒன்றில் ஓர் அறைக்கு நாள் வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இணையத் தரகுக் கம்பெனியின் வழியாக விருந்தினர் வந்தால், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரை கமிஷன் போவது சாதாரணம். இருபது என்றே கொண்டால் 400 ரூபாய் போயிற்று. துணி வெளுப்பவருக்கும், அறை பெருக்கும் அம்மாளுக்கும், மின்சாரத்துக்கும், வரிக்கும் மீதியிலிருந்தே கொடுக்க வேண்டும். அறை நம்முடையது, உழைப்பு நம்முடையது, கோயிலோ நம் முன்னோர் 1010-ல் கட்டி முடித்தது. வாசலில் நின்று சுங்கம் வாங்குபவர் மட்டும் வேறொருவர்!

அவர் எங்கே இருக்கிறார்? புக்கிங் என்னும் ஸ்தாபனம் 1996-ல் நெதர்லாந்தில் பிறந்து, இன்று அமெரிக்கக் கம்பெனிக்கு உடைமையாக இருக்கிறது. நம்மவரால் 2000-ல் தொடங்கப்பட்ட மேக்மைட்ரிப்பின் பங்குகளும் 2010 முதல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையிலேயே விற்கப்படுகின்றன. ரெட்பஸ்ஸும் பின்னர் இதே கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

கமிஷனோடு விஷயம் முடியவில்லை. எந்த விடுதி பட்டியலின் தலைப்பில் வரும், எது கண்ணுக்கே தென்படாமல் போகும் என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. இது வெறும் சந்தேகமன்று. பிற இணையத் தரகரிடம் குறைந்த விலைக்கு அறையை விற்கலாகாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தியதற்காகவும், ஓயோவுக்குச் சலுகை காட்டி அதன் போட்டியாளர்களை விலக்கியதற்காகவும், 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப் குழுமத்துக்குச் சுமார் 223 கோடி ரூபாயும் ஓயோவுக்குச் சுமார் 169 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஐரோப்பிய யூனியனும் 2024-ல் புக்கிங்கை 'வாயில்காப்போன்' என்றே பெயரிட்டுத் தன் புதிய சட்டத்துக்கு உட்படுத்தியது.

நம் ஜில்லாவுக்கு இக்கதை புதிதன்று. இங்கிலாந்தில் ஏற்பட்ட ரயில்வே கம்பெனி ஒன்று, 1862-க்குள் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குத் தண்டவாளம் போட்டது. ஜனங்களுக்கு அது உபகாரமே. ஆயினும், போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்று நம் வரிப்பணத்தைக் கொண்டு உத்தரவாதம் செய்யப்பட்டது. லாபம் கடல் கடந்தது. அந்த ரயில்வேயின் நிர்வாகம் சர்க்கார் கைக்கு வந்தது 1944-ல்தான். ரயில் வேண்டாம் என்று நம் பெரியோர் சொல்லவில்லை. ரயில் யாருடையது என்றே கேட்டார்கள். நாமும் இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கம்பெனிகள் பதினாயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் விருந்தினரைக் கொணர்கின்றனவே, அதற்குக் கூலி வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதுதான். நம் விடுதிக்காரர்களின் குற்றத்தையும் மறைக்கலாகாது. ஆளைப் பார்த்து வாடகை சொல்வதும், அழுக்குப் படுக்கையைக் காட்டி முன்பணம் கேட்பதும் இங்கே நடந்தவையே. தங்கியவர் எழுதும் மதிப்புரைக்கு அஞ்சிப் பலர் திருந்தினார்கள். இராமேசுவர யாத்திரிகருக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ல் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் கண்ட நாடு, சுத்தத்தையும் நாணயத்தையும் கைபேசியிடம் கற்க நேர்ந்தது நமக்குப் பெருமையன்று.

ஆகவே, வேண்டுவது பகிஷ்காரமன்று. நமக்கென்று ஒரு வாசல். இதன் பொருளை டெல்டா விவசாயிக்கு நாம் விளக்கத் தேவையில்லை. நெல்லைத் தரகரிடம் மட்டுமே விற்றாக வேண்டும் என்றிருந்த நிலை, நேரடி நெல் கொள்முதல் நிலையம் வந்தபின் மாறியது. அந்நிலையங்களில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனாலும் வேறொரு வாசல் உண்டு என்பதே விவசாயிக்குப் பேரம் பேசும் பலத்தைத் தந்தது. நெல்லுக்கு உள்ள வழி விருந்தினருக்கு ஏன் இருக்கலாகாது?

வழிகாட்டிகள் இல்லாமலும் இல்லை. பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு 2022-ல் 'நம்ம யாத்ரி' தோன்றியது. அதில் சவாரிக்குச் சவாரி கமிஷன் இல்லை. நம் கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகமே, ஒரே நாளில் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் தரிசிக்கும் பஸ்ஸை 2024-ல் 750 ரூபாய் கட்டணத்தில் தொடங்கி, தன் வலைத்தளத்திலேயே சீட்டு விற்றது.

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை விடுதிக்காரர்கள் ஒன்றுகூடிப் பொதுவான முன்பதிவுத் தளம் ஒன்றை அமைக்கட்டும். சுவாமிமலை ஸ்தபதிகளும், தஞ்சை ஓவியரும், நாச்சியார்கோயில் விளக்குக் கம்மியரும், கார் ஓட்டுநரும் அதில் தத்தம் பெயருடன் இடம்பெறட்டும். விலை ஒன்றாகவும் அறை சுத்தமாகவும் இருக்கட்டும். சர்க்கார் சுற்றுலாக் கழகம் அதற்குக் கை கொடுக்கட்டும். கோயில்களின் பெயரை வைத்துக்கொண்டு பூஜைக்கும் சாந்திக்கும் பணம் வசூலிக்கும் தனியார் தளங்கள் விஷயத்தில் அறநிலையத்துறை கண்டிப்பாக இருக்கட்டும்.

பிரயாணம் செய்யும் நம் நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விடுதியைக் கம்பெனியின் பட்டியலில் கண்டுபிடியுங்கள், தவறில்லை. அடுத்த முறை அவ்விடுதிக்காரரை நேரே கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த 400 ரூபாய் காவிரிக் கரையிலேயே தங்கும்.