பத்து வயதில் வழங்கப்படும் தீர்ப்பு

பெற்றோர் பிழைப்பை நாடிக் குடியேறிய தேசத்திலேயே பிறந்து, அத்தேசத்துப் பள்ளியிலேயே முதலெழுத்துப் பயின்ற குழந்தை, வேற்று நாட்டில் பிறந்து இடையில் வந்து சேர்ந்த குழந்தையைக் காட்டிலும் நன்றாகப் படிக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். ஜெர்மனியில் 2003-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு பரீட்சை அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிற்று.

பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 2000-ஆம் ஆண்டு முதல் பல தேசங்களிலும் 15 வயது மாணாக்கர்க்கு வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் ஆகிய மூன்றிலும் நடத்திவரும் பீசா என்னும் பரீட்சை அது. மனப்பாடத்தைச் சோதிப்பது அதன் நோக்கமன்று. கற்றதை வாழ்க்கைச் சந்தர்ப்பங்களில் பிரயோகிக்கும் திறனை அளப்பதே நோக்கம். முதற் பரீட்சையின் முடிவுகள் 2001 டிசம்பரில் வெளிவந்தபோது, தத்துவ ஞானிகளையும் விஞ்ஞானிகளையும் உலகுக்கு வழங்கிய ஜெர்மனி, சராசரிக்கும் கீழே நின்றது. அதனினும் கசப்பான செய்தி, பெற்றோரின் அந்தஸ்து பிள்ளையின் கல்வியை நிர்ணயிக்கும் அளவு அங்கே மிக அதிகமாக இருந்தது என்பது. 2003-இல் கணிதத்தில், ஜெர்மனியிலேயே பிறந்த குடியேறிகளின் பிள்ளைகள் ஏனைய ஜெர்மானியப் பிள்ளைகளைவிடச் சுமார் 90 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களோ அவ்வளவு பின்தங்கவில்லை.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. வெளியிற் பிறந்து வந்தவர்களுள் பலர் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து திரும்பிய ஜெர்மானிய வம்சாவளியினர். ஜெர்மனியிலேயே பிறந்தவர்களுள் கணிசமானோர் துருக்கியத் தொழிலாளரின் மக்கள். 1961-இல் துருக்கியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ‘விருந்தினர் தொழிலாளர்’ என்ற பெயரில் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வரவழைக்கப்பட்ட அம்மக்கள், சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவர் என்று அரசாங்கமும் நினைத்தது, அவர்களும் நினைத்தனர். 1973-இல் ஆள் சேர்ப்பது நின்றபின், திரும்பிப் போகாதவர்கள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டனர். போய்விடப் போகிறவர்களின் குழந்தைக்கு ஜெர்மன் பாஷையைச் சிரத்தையாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு எழும்?

ஆயினும் பெற்றோரின் ஏழ்மையையும் கல்வியின்மையையும் மட்டுமே காரணமாகச் சொல்லி நிறுத்திவிட முடியாது. அதே துருக்கிய கிராமங்களிலிருந்து, அதே சொற்பக் கல்வியுடன் பிரான்ஸுக்கும் ஸ்வீடனுக்கும் சென்றவர்களும் உண்டு. மாரிஸ் க்ருல் என்னும் டச்சு சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் பல ஐரோப்பிய நகரங்களில் துருக்கியரின் இரண்டாம் தலைமுறையை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, உயர்கல்வியை எட்டியவர்களின் விகிதம் ஜெர்மனியில் மிகக் குறைவாகவும், பிரான்ஸிலும் ஸ்வீடனிலும் வெகு அதிகமாகவும் இருக்கக் கண்டனர். பிரான்ஸில் குழந்தை மூன்று வயதிலேயே பாலர் பள்ளியில் நாள் முழுதும் அத்தேசத்து மொழியைக் கேட்டு வளர்கிறது. எந்தப் பாதையில் மேலே படிப்பது என்ற தீர்மானம் பதினைந்து வயதையொட்டியே வருகிறது. ஜெர்மனியிலோ அத்தலைமுறையின் பிள்ளைகள் தாமதமாகவே பள்ளியில் சேர்ந்தனர். பள்ளியும் மத்தியானத்தோடு முடிந்தது. மாலைப் பாடத்தைக் கவனிக்க வேண்டிய தாய்க்கோ ஜெர்மன் தெரியாது. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்தவுடன், பத்து வயதில், சர்வகலாசாலைக்கு வழிவிடும் கிம்னாசியத்துக்குச் சிலரையும், நடுத்தரப் பள்ளிக்குச் சிலரையும், கைத்தொழிலுக்கு அனுப்பும் ஹௌப்ட்ஷூலேக்கு மற்றவரையும் பிரித்துவிட்டனர். வாசிக்கும் திறன் சமமாகவே இருந்தபோதும், தாழ்ந்த நிலையிலுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு உபாத்தியாயரின் கிம்னாசியப் பரிந்துரை கிடைப்பது அரிது என்பதை ஜெர்மானிய ஆராய்ச்சிகளே வெளிப்படுத்தியுள்ளன. இவ்விஷயத்தில் எனக்கு மிகுந்த வேதனையைத் தருவது இதுதான்.

குடியேறிகளின் பிள்ளைகளும் ஏனையோரும் ஏறத்தாழச் சமமாக நிற்கும் தேசமென்று எல்லாரும் காட்டுவது கனடாவை. 1967 முதல் கல்விக்கும் மொழியறிவுக்கும் புள்ளியிட்டுக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் தேசம் அது; கற்ற பெற்றோரின் பிள்ளைகள் கற்பதில் வியப்பில்லை என்பாரின் வாதத்தில் உண்மை உண்டு. ஆகவே எனக்கு நார்வேயின் உதாரணமே அதிகப் பொருளுடையதாகத் தோன்றுகிறது. இலங்கையிலிருந்து அங்கே சென்ற தமிழர்களை யாரும் புள்ளியிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. யுத்தத்துக்குத் தப்பிச் சென்று, வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீனை அறுத்தவர்கள் அவர்களுள் அநேகர். நார்வேயிலேயே பிறந்த அவர்களுடைய மக்கள் உயர்கல்விக்குச் செல்லும் விகிதம், பூர்விக நார்வே மக்களின் விகிதத்தையே மிஞ்சிற்று. பிள்ளையின் படிப்பையே சொத்தாகக் கருதும் யாழ்ப்பாணத்துப் பழக்கம் இதில் பெரும் பங்கு வகித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் பலிப்பதற்கு அவகாசம் வேண்டுமே! நார்வேயில் பத்தாண்டுக் கல்வி எல்லாருக்கும் பொது. ஏழாம் வகுப்புவரை மதிப்பெண்ணே கிடையாது. பதினாறு வயதுவரை எந்தக் குழந்தையும் தனிப் பாதைக்கு ஒதுக்கப்படுவதில்லை.

ஜெர்மனியும் சும்மா இருந்துவிடவில்லை. 2003-இல் முழுநாள் பள்ளிகளுக்கென மத்திய அரசாங்கம் 400 கோடி யூரோவை ஒதுக்கிற்று; பள்ளிக்கு முன்பே குழந்தையின் மொழியறிவைச் சோதித்து உதவும் ஏற்பாடுகள் மாநிலங்களில் தோன்றின; 2010-இல் பெர்லினும் ஹாம்பர்க்கும் ஹௌப்ட்ஷூலேயைத் தனிப்பள்ளியாக வைத்திருப்பதையே கைவிட்டன. அடுத்த பத்தாண்டில் குடியேறிகளின் பிள்ளைகள் கணிதத்தில் கணிசமாக முன்னேறினர். பிற்பாடு, அகதிகள் பெருந்திரளாக வந்ததும், பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் சேர, 2022-ஆம் ஆண்டுப் பரீட்சையில் தேசம் முழுவதுமே சரிந்தது.

பத்து வயதுத் தீர்மானம் மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. பவேரியாவில் நான்காம் வகுப்பு மாணவனுக்கு மே மாதத்தில் ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. 1 என்பதே உயர்ந்த மதிப்பெண்ணாகிய அந்த முறையில், மூன்று பாடங்களின் சராசரி 2.33-ஐத் தாண்டாவிட்டால்தான் அவனுக்குக் கிம்னாசியத்தின் கதவு நேராகத் திறக்கும். அம்மூன்றில் ஒன்று ஜெர்மன் மொழி. வீட்டில் துருக்கியமோ அரபியோ பேசி வளர்ந்து, ஆறு வயதில் பள்ளியில் நுழையும் குழந்தைக்கு, அம்மொழியில் மற்றவரோடு சமமாக நிற்க நான்கு ஆண்டுகூட முழுமையாகக் கிடைப்பதில்லை.