வெள்ளம் சூழ்ந்தால் வீடே படகுதான்... 3 நாள் தாக்குப்பிடிக்க என்ன வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. நகரத்துத் தெருக்களில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டதை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். ஆனால், கிராமங்களுக்கு நிஜமான சோதனை மழை விட்ட பிறகுதான் ஆரம்பித்தது. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்து வர, பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம், குருவிநத்தம், இருளன்சந்தை போன்ற ஊர்கள் தத்தளித்தன. வில்லியனூர் பக்கம் வீடூர் அணைத் தண்ணீரைச் சுமந்து வந்த சங்கராபரணி கரையோர வீடுகளைச் சூழ்ந்தது.

அந்த நிலைமையை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமும் தண்ணீர், கரன்ட் கட், மோட்டார் ஓடாது. டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் மேலே வருகிறது. போனில் 12% சார்ஜ்.

இதேபோல கரன்ட் ஒயரும் குழாயும் சாக்கடையும் இல்லாத இடத்தில் வருஷம் முழுக்க வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கால்வாய்களில், 7 அடிகூட அகலமில்லாத நீளமான படகுகளையே வீடாக்கிக்கொண்டவர்கள். கால்வாய் ஓரம் நிரந்தர இடம் வாங்காதவர்கள் ஒரே இடத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தேவையானதையெல்லாம் படகிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால், எதையும் வாங்குவதற்கு முன் அவர்கள் ஒரு கணக்கு போடுவார்கள்: ‘ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு கரன்ட், எவ்வளவு தண்ணீர் வேண்டும்?’

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வானத்தைப் பார்க்கிற நமக்கும் இந்தக் கணக்குதான் தேவை. அதைப் போட்டுவிட்டால், கடைக்காரர் சொல்வதில் பாதி தேவையில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாடியோ, உயரமான தளமோ உள்ள வீடுகளுக்குத்தான் இந்தப் பட்டியல். குடிசை, ஓட்டு வீடு, ஆற்றங்கரையை ஒட்டிய வீடு என்றால் முகாமுக்குக் கிளம்புவதுதான் ஒரே வழி. மாடி வீடே ஆனாலும், அதிகாரிகள் ‘வெளியேறுங்க’ என்று சொன்னால் எந்த பேட்டரியும் உங்களைக் காப்பாற்றாது.

கரன்ட்: பேட்டரிக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்க

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பொருள் எத்தனை வாட் என்பதை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். அதுதான் வாட்-ஹவர். 1,000 வாட்-ஹவர் சேர்ந்தால், கரன்ட் பில்லில் நாம் பார்க்கும் 1 யூனிட்.

வெள்ளம் சூழ்ந்த ஒரு நாளில் ஒரு வீட்டுக்குக் கட்டாயம் என்ன வேண்டும்?

• 9 வாட் எல்.இ.டி பல்பு இரண்டு, 5 மணி நேரம்: 90
• இரண்டு போன், ஒருமுறை ஃபுல் சார்ஜ்: சுமார் 50
• சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று (75 வாட்), 8 மணி நேரம்: 600

மொத்தம் 740 வாட்-ஹவர்.

நம்மூர் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-ஹவர். ‘அப்போ ரெண்டரை நாள் வருமே’ என்று நினைக்காதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். எனவே பயன்படுத்தக்கூடியது 900. அதிலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். கைக்குக் கிடைப்பது சுமார் 760. அதாவது, ஒரே ஒரு நாள்.

இப்போது ஃபேனை மட்டும் மாற்றுவோம். பி.எல்.டி.சி வகை ஃபேன் ஃபுல் ஸ்பீடிலேயே சுமார் 30 வாட்தான் எடுக்கும். 8 மணி நேரத்துக்கு 240. மொத்தக் கணக்கு 740-லிருந்து 380-க்கு இறங்கிவிடும். அதே பேட்டரி இப்போது இரண்டு நாள் வரும். இன்னொரு பேட்டரி வாங்கியிருந்தால் கிடைக்கும் பலன், ஒரு ஃபேனை மாற்றியதிலேயே கிடைத்துவிட்டது. மற்ற நாள்களில் கரன்ட் பில்லும் குறையும். மூன்றாவது நாள் வேண்டுமா? ஃபேனை 4 மணி நேரமாகக் குறையுங்கள். புயல் நேரத்தில் அது பெரிய கஷ்டமில்லை.

பேட்டரியே மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறீர்களா? லித்தியம் வகையில் எல்.எஃப்.பி என்று கேட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர்-ஹவர் எல்.எஃப்.பி பேட்டரியில் 1,000 வாட்-ஹவர் வரை தாராளமாக எடுக்கலாம். விலை அதிகம். ஆனால், எடை 15 கிலோவுக்குள்தான். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். ராத்திரி 2 மணிக்கு வாசல்படியில் தண்ணீர் ஏறும்போது, ஒரே ஆள் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக முடிவது எது? அதை யோசித்து முடிவெடுங்கள். பழைய இன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஒத்துப்போகுமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

‘எங்க வீட்லதான் சோலார் இருக்கே!’

இருக்கலாம். ஆனால், கரன்ட் போனால் அதுவும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மானியத்தில் மாட்டும் மொட்டை மாடி சோலாரில் பெரும்பாலானவை ‘ஆன்-கிரிட்’ வகை. லைனில் கரன்ட் இல்லாவிட்டால் அவை தானாகவே ஆஃப் ஆகிவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின்துறை ஊழியருக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரன்ட் கட் நேரத்திலும் சோலார் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். புதிதாகப் போடப்போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, புயல் நாளில் வெயில் கிடையாது. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 400 வாட்-ஹவர் தரும். கருமேகம் மூடிய நாளில் அதில் கால்வாசி வந்தாலே பெரிய விஷயம். எனவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை ஃபுல்லாக வைத்துக்கொள்ளுங்கள். வானம் வெளுத்த மூன்றாவது நாளுக்குத்தான் பேனலை நம்பலாம்.

பவர் பேங்க்: பெரிய நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க

20,000 எம்.ஏ.ஹெச் என்றால் 5,000 எம்.ஏ.ஹெச் போனை நான்கு முறை சார்ஜ் செய்யலாம் என்று தோன்றும். நிஜத்தில் இரண்டரை முறை வந்தால் நல்லது. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பெட்டியில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று பொடி எழுத்தில் இருக்கும் நம்பர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

செல்போன் டவரே செயலிழந்தால் ஃபுல் சார்ஜ் போனும் வெறும் டார்ச்தான். பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்.எம் ரேடியோ ஒன்றும், தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் வாங்கி வையுங்கள். இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்கும் அருமை, பாட்டியைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றும்போது புரியும்.

தண்ணீர்: சுத்தி வெள்ளம், குடிக்க என்ன?

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், மூன்று நாள்: 60 லிட்டர். அதாவது மூன்று கேன். கை, கால், பாத்திரம் கழுவுவதையும் சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 180. புயல் எச்சரிக்கை வந்ததும் மொட்டை மாடி டேங்கை நிரப்பிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. நிறைந்த டேங்கைக் காற்று அவ்வளவு சுலபமாக நகர்த்தவும் முடியாது.

ஆர்.ஓ மெஷினை நம்பி இருக்காதீர்கள். அதற்குக் கரன்ட் வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவாகவும் வெளியே தள்ளும். சேமித்த தண்ணீர் சொட்டு சொட்டாக முக்கியமாக இருக்கும் நாளில் இது கட்டுப்படியாகாது. கரன்ட் இல்லாமல் ஓடும் கிராவிட்டி ஃபில்டர் ஒன்று இருந்தால் நல்லது. அது உப்பைக் குறைக்காது. ஆனால், யு.எஃப் வகை என்றால் பாக்டீரியாவைத் தடுக்கும்.

எதுவும் இல்லையா? துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள். கேஸை மிச்சப்படுத்த வேண்டுமா? குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டையிலேயே இருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய போர்வெல், கிணற்றுத் தண்ணீரை, தெளிவாக இருந்தாலும் குளோரின் போடும் வரை குடிக்கக் கூடாது.

அடுப்பு: இண்டக்‌ஷனா, கேஸா?

1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 20 நிமிடம் ஓடினால் 500 வாட்-ஹவர் காலி. பி.எல்.டி.சி ஃபேனோடு மேலே நாம் போட்ட ஒரு நாள் கணக்கைவிட இது அதிகம். வீட்டு இன்வெர்ட்டர் அந்த லோடைத் தாங்கவும் செய்யாது. வெள்ள நேரத்துக்குக் கேஸ்தான். மாடியில் தனியாகச் சமைக்க 5 கிலோ சின்ன சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் போதும்.

படகுவாசிகள் கேஸ் சிலிண்டரைப் படகின் அறைக்குள் வைப்பதில்லை. வெளிப்பக்கம் தனிப் பெட்டியில், கசிந்தால் கேஸ் வெளியே இறங்கிப்போக அடியில் ஓட்டை விட்டு வைப்பார்கள். காரணம், நாம் பயன்படுத்தும் எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். நம் வீட்டுச் சிலிண்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது தண்ணீரில் மிதக்கும். மிதந்து சாய்ந்தால் டியூப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் சமையலறைக்குள் வருவதற்கு முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சிலிண்டரை உயரத்தில் ஏற்றிக் கட்டிவிடுங்கள்.

ஜெனரேட்டர், கரி அடுப்பு இரண்டையும் வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ‘ஜன்னலைத் திறந்து வெச்சா போதும்’ என்பது தப்புக் கணக்கு. இங்கிலாந்து கால்வாய்ப் படகுகளில் 2019 ஏப்ரல் முதல் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் கட்டாயம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிவிடுவது நல்லது.

டாய்லெட்: யாரும் பேசாத விஷயம்

செப்டிக் டேங்க் வெள்ளத்தில் மூழ்கினால் டாய்லெட் அவ்வளவுதான். இதில் அதிகம் கஷ்டப்படுவது வீட்டுப் பெண்கள். ‘எங்கே போறது?’ என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள், மணிக்கணக்கில் அடக்குவார்கள். கடைசியில் சிறுநீர்த் தொற்று. பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீட்டில் இதற்கு நூறு ரூபாய்கூட ஒதுக்குவதில்லை.

படகுகளில் பலர் வைத்திருப்பது கேசட் டாய்லெட். கழிவு அடியில் உள்ள 20 லிட்டர் பெட்டியில் சேரும். சூட்கேஸ் மாதிரி இழுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருவார்கள். இதே வகை சின்ன டாய்லெட் நம்மூரிலும் ஆன்லைனில் கிடைக்கிறது. படியேற முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்ல முதலீடு.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இரண்டு வாளி போதும். நிலநடுக்கத்துக்குப் பழகிய நியூசிலாந்தில் பேரிடர் மேலாண்மைத் துறையினரே பரிந்துரைக்கும் முறை இது. ஒன்று சிறுநீருக்கு, இன்னொன்று மலத்துக்கு. இரண்டையும் கலக்காமல் இருந்தாலே நாற்றம் பெருமளவு குறையும். இரண்டாவது வாளியில் ஒவ்வொரு முறையும் ஒரு கை உமியோ, மரத்தூளோ, சாம்பலோ போட்டு மூடிவிட வேண்டும். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் உமிக்கா பஞ்சம்? ஒரு மூட்டை வாங்கி மாடியில் வைத்துவிடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு கிணறு, போர்வெல்லுக்கு ரொம்பத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

திருச்சி மாவட்டம் முசிறியில் இதே தத்துவத்தில் நிரந்தர ‘ஈகோசான்’ கழிப்பறைகள் கட்டினார்கள். சிறுநீரும் மலமும் தனித்தனியாகப் போகும். கழிவு அறை தரைக்கு மேலே இருக்கும். அடிக்கடி தண்ணீர் தேங்கும் இடத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். நாப்கின், சோப்பு, ஒரு மறைப்புத் துணி ஆகியவற்றையும் மாடிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

எங்கே வைக்கிறீங்க?

எல்லாம் வாங்கி, தரையில் வைத்தால் வேஸ்ட். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு இரண்டடி மேலே மாட்டுங்கள். தரையோரப் பிளக் பாயின்ட்டுகளுக்கும் அதே விதி. தண்ணீர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யுங்கள். பலர் மறப்பது இதைத்தான்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் தனியாக ஆஃப் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடக் கூடாது.

கையில் காசு கொஞ்சம்தான்... எதை முதலில்?

இந்த வரிசையில் போங்கள்:

1. மூன்று கேன் தண்ணீர், குளோரின் மாத்திரை, மூடியுள்ள இரண்டு வாளி, ஒரு மூட்டை உமி
2. தலை டார்ச், எஃப்.எம் ரேடியோ, பவர் பேங்க், வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடும் வாட்டர்ப்ரூஃப் பை (ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரைச் சீட்டு வைக்க)
3. இருக்கும் ஃபேனில் ஒன்றை மட்டும் பி.எல்.டி.சி-யாக மாற்றுவது, இன்வெர்ட்டரை உயரத்தில் மாட்டுவது
4. சின்ன சிலிண்டர், கிராவிட்டி ஃபில்டர்
5. கடைசியாகத்தான் லித்தியம் பேட்டரி, ஹைபிரிட் சோலார்

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட்-ஹவர் என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கீழே அவசர உதவி எண் 112, பக்கத்து முகாம் எந்தப் பள்ளிக்கூடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியது என்ன என்பதை அந்தப் பேப்பரே சொல்லிவிடும்.