முதல் இத்தாலி டூரா? 'போட்டோ ஸ்டாப்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்!

எட்டு நாள் இத்தாலி டூர். ரோம், வாடிகன், ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ் என எல்லாப் பெயர்களும் பிரோஷரில் இருக்கும். அட்டையிலேயே கொலோசியம் படம் பளிச்சென்று இருக்கும். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகளுடன் போய் இறங்கினால், பஸ் கொலோசியத்துக்கு அருகில் நிற்கும். "இருபது நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க" என்பார் டூர் மேனேஜர். உள்ளே போக முடியாதா என்று கேட்டால் பயணத் திட்டத்தில் அந்த வரியை எடுத்துக் காட்டுவார். அங்கே 'போட்டோ ஸ்டாப்' என்றுதான் போட்டிருக்கும்.

சட்டப்படி பார்த்தால் இது ஏமாற்று இல்லை. டூர் நிறுவனங்களின் மொழியில் 'விசிட்' வேறு, 'அவுட்சைட் வியூ' வேறு, 'என்ட்ரி டிக்கெட் உட்பட' என்பது வேறு. கடைசியாகச் சொன்னது இருந்தால்தான் உள்ளே போகலாம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேக்கேஜ்களில் ஒன்று மட்டும் விலை குறைவாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஹோட்டல் நட்சத்திரத்தை அல்ல, எத்தனை இடத்தில் என்ட்ரி இருக்கிறது என்பதைத்தான்.

வாடிகன் போனோம், ஆனால் பார்க்கவில்லை!

இந்த வார்த்தை விளையாட்டில் அதிகம் பேர் சறுக்குவது வாடிகனில். புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைய கட்டணமே கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றால் போதும். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை விதானம் முழுக்க ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயமோ வாடிகன் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். 'வாடிகன் சிட்டி விசிட்' என்று மட்டும் எழுதியிருந்தால், இலவசப் பேராலயத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பலாம். சொன்னதைச் செய்துவிட்டதாகவே கணக்கு.

ஃப்ளோரன்ஸிலும் இதே கதைதான். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையின் அசல் அகாதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகரின் நடுவே சின்யோரியா சதுக்கத்தில் நிற்பது நகல். நகலின் முன் செல்ஃபி எடுத்துவிட்டு அசலைப் பார்த்த திருப்தியோடு திரும்புபவர்கள் நிறைய. பீசாவில் சாய்ந்த கோபுரத்தை வெளியே நின்று பார்ப்பதே பல பேக்கேஜ்களில் வழக்கம். மேலே ஏறத் தனி டிக்கெட், 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கும் அந்தப் பிரபலமான போட்டோவுக்கு டிக்கெட் தேவையில்லை என்பதால், இங்கே 'அவுட்சைட் வியூ' பெரிய நஷ்டம் இல்லை.

கைடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

கூடவே வரும் டூர் மேனேஜரும் கைடும் ஒருவரே என்று பலரும் நினைக்கிறார்கள். மேனேஜர் ஹோட்டல், பஸ், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்பவர். இத்தாலியில் நினைவுச் சின்னங்களில் நின்று வரலாறு சொல்வது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். 2023 டிசம்பரில் வந்த சட்டம் இதற்கு தேசிய அளவிலான தேர்வையும் கொண்டுவந்தது. எனவே 'தமிழ் பேசும் டூர் மேனேஜர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, ரோமப் பேரரசின் கதையைத் தமிழில் கேட்கலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. உள்ளூர் கைடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆங்கிலம் சரளமாகப் புரியாத பெரியவர்கள் வருகிறார்கள் என்றால், கிளம்பும் முன்பே அந்த இடங்களின் கதையை அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

காசு கொடுத்து கைடு வைக்கத் தகுந்த முதல் இடம் ரோமன் ஃபோரம். கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொலோசியத்தின் சாதாரண டிக்கெட்டிலேயே இதற்கும் பாலட்டைன் குன்றுக்கும் அனுமதி உண்டு. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெயிலில் கிடக்கும் உடைந்த தூண்களின் மைதானம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, அங்கே டைட்டஸ் வளைவின் உட்புறச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம். கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயிலை அழித்து, அங்கிருந்த ஏழு கிளை விளக்கை ரோமப் படை தோளில் தூக்கிவரும் காட்சி. கைடு கை நீட்டிக் காட்டாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்துவிடுவார்கள்.

இரண்டாவது வாடிகன் அருங்காட்சியகம். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசக் கூடாது, போட்டோ எடுக்கவும் கூடாது. அதனால் நல்ல கைடுகள் உள்ளே போகும் முன்பே முற்றத்தில் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிடுவார்கள். மூன்றாவது பாம்பேய்.

பாந்தியன், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிக்கட்டு போன்ற இடங்களுக்கு கைடு தேவையே இல்லை. மாலை நேரத்தில் கையில் ஜெலாட்டோவோடு நடந்தே பார்த்துவிடலாம்.

டிக்கெட்டில் இனிஷியல் தகராறு

கொலோசியம் டிக்கெட் இப்போது பெயர் போட்டே தரப்படுகிறது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஊரில் இது தனிச் சிக்கல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டூர் ஆபீஸில் கொடுத்தது கூப்பிடும் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். எல்லாப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுக்க வேண்டும். பாம்பேயிலும் பெயர் போட்ட டிக்கெட்தான். அங்கே 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி கிடையாது.

கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிகாரபூர்வ விற்பனை 30 நாட்களுக்கு முன் தொடங்கும், சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். இந்தத் தட்டுப்பாடு தொடர்பாகவே இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. முன்பு டிக்கெட் விற்பனையை நடத்திய அமைப்பும் ஆறு டூர் நிறுவனங்களும் அதில் சிக்கின. மென்பொருள் மூலம் டிக்கெட்டுகளை மொத்தமாக வளைத்ததும் ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆகவே, "டிக்கெட்டை அங்க போய் வாங்கித் தர்றோம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பிவிட வேண்டாம். பயணத் தேதிக்கு முன்பே நேரம் குறித்த டிக்கெட்டைக் காட்டச் சொல்லலாம். 'ஸ்கிப் த லைன்' என்பதும் டிக்கெட் வரிசையை மட்டுமே தாண்ட உதவும். பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோரும் நின்றே ஆக வேண்டும்.

இன்னொன்று, இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். கொலோசியமும் ஃப்ளோரன்ஸின் உஃபிட்சியும் இதில் சேரும். வாடிகன் தனி நாடு என்பதால் அங்கே இது செல்லாது. இரண்டு பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட் காசு வாங்கியிருந்தால் கணக்குக் கேட்பதில் தப்பில்லை.

வெனிஸில் தலைக்கணக்கு

வெனிஸில் 2024 முதல் ஒரு கைடுக்கு 25 பேருக்கு மேல் கூட்டமாகப் போகக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. ஒரு பஸ் நிறையப் போகும் குழு அங்கே பிரிந்துதான் நடக்க வேண்டும். இரண்டாவது கைடு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 'வெனிஸில் தங்கல்' என்று எழுதியிருந்தாலும் ஹோட்டல் பெரும்பாலும் கடலுக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் இருக்கும். ரயிலில் பத்து நிமிடம்தான், பரவாயில்லை. கொண்டோலா படகுக்கு நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. அது ஒரு படகுக்கு, ஐந்து பேர் வரை ஏறலாம். தலைக்கு இவ்வளவு என்று விற்கும் ஆப்ஷனலை, ஒரே குடும்பமாகப் போகிறவர்கள் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூட்டு வலி உள்ள பெரியவர்கள் வந்தால் கேள்வியே வேறு. பழைய நகரங்களின் மையப் பகுதிக்குள் டூர் பஸ் போகாது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து கல் பாவிய தெருவில் நடக்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படிகள், லிப்ட் கிடையாது. ரோமிலிருந்து பஸ்ஸில் பாம்பேய் போய் அன்றே திரும்பும் திட்டத்தில், போக வர மட்டும் ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். நடுவில் நிழலே இல்லாத தெருக்களில் நடை வேறு.

பணம் கட்டும் முன் காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள். உஃபிட்சியும் அகாதெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. திறக்கும் அந்த ஞாயிறன்று அனுமதி இலவசம் என்பதால் கூட்டம் அலைமோதும். ஃப்ளோரன்ஸ் திங்கட்கிழமையிலும் வாடிகன் ஞாயிற்றுக்கிழமையிலும் விழும் பேக்கேஜ் என்றால், வேறு தேதி கேளுங்கள்.