பிள்ளையின் பெயரை மறைக்க வேண்டாம்

கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவர்கள் நிரப்பும் படிவங்களில் 5406 என்ற இலக்கம் கொண்ட ஒன்று உண்டு. குடும்ப விவரப் படிவம். பெற்றோர், துணை, சகோதரர் என்று கேட்பதோடு பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியும் வைத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, துணையின் முந்தைய மணத்துப் பிள்ளை என்று எல்லோரையும் அதில் எழுத வேண்டும். என்ன வயதானாலும், எந்த நாட்டில் யாரோடு இருந்தாலும் விலக்கில்லை. ஒருவரும் இல்லையென்றால், இல்லை என்று உறுதிசொல்லிக் கையொப்பமிட வேண்டும்.

பிள்ளை ஊரில் இருக்க, இந்த இடத்தில் பொய்யாகக் கையொப்பமிட்டவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் செய்தவர்கள் குறைவு. ‘பிள்ளையையும் போட்டால் கேஸ் இழுபடும்’ என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். முதல் கலியாணம் முறிந்த கதை புதுப் புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று தாய் பயந்திருப்பாள். பெற்றோர் ஸ்பொன்சர் செய்யும் மகன் திருமணமாகாதவனாக இருக்க வேண்டும் என்பதால், மனைவியையும் குழந்தையையும் சேர்த்தே மறைத்துவிட்டு விமானம் ஏறியவர்களும் உண்டு. பிள்ளை அம்மம்மாவோடு வளரட்டும், பிறகு கூப்பிடலாம் என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

அந்தக் கணக்கு அம்மம்மா கண்மூடும் நாளில் பிழைத்துப்போகும். பதினைந்து வயதுப் பிள்ளை ஊரில் தனித்து நிற்கும். தாயோ தந்தையோ அப்போதுதான் ஸ்பொன்சர் விண்ணப்பம் போடுவார்கள். அதற்குள் சட்டம் கதவைச் சாத்திவிட்டிருக்கும்.

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்ற பிரிவு சொல்வது இதுதான்: நீங்கள் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்த வேளையில் உங்களோடு சேர்ந்து வராதவராக இருந்து, அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படாமல் விடுபட்ட குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. இதற்கு ஐந்து வருடம், பத்து வருடம் என்ற எல்லை இல்லை. நீங்கள் கனடியப் பிரஜையான பிறகும் தடை நீங்காது. துணையின் முந்தைய மணத்துப் பிள்ளையும் குடும்ப உறுப்பினர்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘அது அவளின்ர பிள்ளை, என்ர விண்ணப்பத்தில் ஏன்?’ என்று விட்டவர்களுக்கும் இதே நிலைதான்.

2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போன டி குஸ்மான் வழக்கு இதில் முக்கியமானது. பிலிப்பைன்ஸ் தாய் ஒருவர் தன் தாயின் ஸ்பொன்சரில் 1993இல் வந்தபோது ஒரு மகளை மட்டும் காட்டினார். தந்தையோடு இருந்த இரண்டு மகன்களைச் சொல்லவில்லை. பின்னாளில் அவர்களை அழைக்க விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அந்த விதி செல்லும் என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொய் சொன்னவர் பெரியவர், தண்டனை பிள்ளைக்கு. இதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். ஒட்டாவாவும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2019 செப்டெம்பரில் ஒரு தற்காலிகக் கொள்கை வந்தது. பிறகு நீட்டிக்கப்பட்டு, இப்போதைய அறிவிப்பின்படி 2026 செப்டெம்பர் வரை செல்லும். அகதியாக ஏற்கப்பட்டு வதிவுரிமை பெற்றவர்களும், துணையாகவோ சார்ந்த பிள்ளையாகவோ ஸ்பொன்சரில் வந்தவர்களும் அன்று சொல்லாமல் விட்ட உறவை இதன்கீழ் அழைக்கலாம். ஆனால் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் விண்ணப்பமே தகுதி இழந்திருக்கும் என்றால் இந்தச் சலுகை இல்லை. திருமணத்தை மறைத்து ‘தனியாள்’ என்று வந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குவார்கள். அவர்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் கேட்கும் வழி மிஞ்சுகிறது. அது அதிகாரியின் விருப்புரிமை. உறுதி எதுவும் கிடையாது.

பயத்தால் மறைப்பவர்களில் இன்னொரு பகுதியினர், பிள்ளைக்கு நோயோ மாற்றுத்திறனோ இருப்பவர்கள். ‘மெடிக்கலில் விழுந்துவிடும்’ என்று நினைக்கிறார்கள். ஸ்பொன்சர் செய்யப்படும் துணைக்கும் சார்ந்த பிள்ளைக்கும் மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. அந்தப் பிள்ளையை ஒளிக்க எந்தத் தேவையும் இல்லை.

வயது விவகாரத்தில் பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2014 ஓகஸ்டில் சார்ந்த பிள்ளையின் எல்லை 19க்குக் கீழ் என்று குறைக்கப்பட்டது. 2017 ஒக்டோபர் 24 முதல் மீண்டும் 22க்குக் கீழ். உங்கள் அண்ணர் 2015இல் பட்ட அனுபவத்தை வைத்து, இருபது வயது மகளுக்கு வழியில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவரின் பிள்ளைக்கு, கோரிக்கை வைத்த நாளே கணக்கு. ‘முழுமையான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கையொப்பம் விடுபட்டு விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்த நாள் கணக்கில் வராது. அதற்குள் பிள்ளைக்கு 22 ஆகிவிட்டால் வாய்ப்புப் போனதுதான்.

வயது நின்றுவிட்டது என்பதற்காகக் கலியாணப் பேச்சைத் தொடங்கவும் கூடாது. ‘எழுத்தை மட்டும் இப்போது முடிப்போம், தாலி கனடாவில்’ என்பது எங்களிடம் வழக்கம். பதிவு முடிந்த மறுகணமே அந்தப் பெண் சட்டப்படி மனைவி. சார்ந்த பிள்ளை என்ற தகுதி அத்தோடு போகும்.

மறுமணக் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். கனடாவில் மாற்றாந்தந்தை அந்தப் பிள்ளைக்கென்று தனி ஸ்பொன்சர் விண்ணப்பம் போடுவதில்லை. மனைவியை ஸ்பொன்சர் செய்யும்போது, அவளைச் சார்ந்த பிள்ளையாக அதே விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். தாய் ஏற்கெனவே இங்கே வதிவுரிமையோடு இருந்தால், பிள்ளையை அவளே அழைக்க வேண்டும். அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பிரஜையான மாற்றாந்தந்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மனுப் போட வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பே திருமணம் நடந்திருக்கவும் வேண்டும். நியூ ஜெர்சி மச்சானின் யோசனை ஸ்கார்பரோவுக்குப் பொருந்தாது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், கூட வராத பெற்றவரின் சம்மதமும் வேண்டும். அதற்கு 5604ஆம் படிவம். பிரிந்துபோன தகப்பனைத் தேடிப் போய் நொத்தாரிசு முன்னால் கையொப்பம் வாங்குவது பல பெண்களுக்குப் பெரிய போராட்டம். கோபத்தில் மறுப்பவர்கள் உண்டு, பணம் கேட்பவர்களும் உண்டு. மறுத்தால் ஊர் நீதிமன்றத்தில் பராமரிப்பு உரிமைக் கட்டளை பெறுவதுதான் வழி. மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் போதும். போரில் காணாமலாக்கப்பட்டிருந்தால்? கணவன் இறந்துவிட்டார் என்று எழுதித்தர மனம் வராத எத்தனையோ மனைவிமார் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2016இல் இலங்கையில் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெற வழி செய்யப்பட்டது. எந்தப் பத்திரம் கையில் இருந்தாலும் அதை மொழிபெயர்ப்போடு இணைத்து, கையொப்பம் ஏன் வாங்க முடியவில்லை என்பதை ஒரு கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பிள்ளையை அழைக்கக் குறைந்தபட்ச வருமானம் என்று பொதுவாக எதுவும் கேட்பதில்லை. ஆனால் பொறுப்பேற்புப் பத்திரம் விளையாட்டல்ல. கியூபெக் நீங்கலாக மற்ற மாகாணங்களில், 22க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பத்து வருடம் அல்லது 25 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை நீங்கள் பொறுப்பு. இடையில் கணவன் மனைவி பிரிந்தாலும் பொறுப்பு நீங்காது. மாற்றாந்தந்தை இதைத் தெரிந்துகொண்டுதான் கையொப்பமிட வேண்டும்.

பிள்ளையிடம் யார் கேட்கிறார்கள்? பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி, நண்பர்கள், அம்மம்மா எல்லாம் ஊரில். இங்கே மொழி தெரியாத வகுப்பறையும், அப்பா என்று கூப்பிட வேண்டிய அறிமுகமற்ற மனிதரும். ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிட்டும் 40 மணிநேரச் சமூக சேவையும் தேவை. ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றோடு வரும் பிள்ளைக்குக் காட்ட ஒரு சான்றாவது இருக்கும். நாளைத் தெரிவு செய்ய முடிந்தால் அதைப் பாருங்கள். விண்ணப்பம் போடும் முன்பே மாற்றாந்தந்தை அந்தப் பிள்ளையோடு நேரடியாகப் பேசிப் பழக வேண்டும். முதல் சந்திப்பு பியர்சன் விமான நிலையத்தில் நடக்கக் கூடாது.

ஒட்டாவாவிடம் கேட்பது ஒன்று: தற்காலிகக் கொள்கையை நிரந்தரச் சட்டமாக்குங்கள். அன்று பொய் எழுதிய பெற்றோரிடம் கேட்பதும் ஒன்றுதான்: அடுத்த படிவத்தில் இன்னொரு பொய்யை எழுதாதீர்கள். சட்டத்தரணியிடமோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியின் பதிவேட்டில் பெயர் உள்ள ஆலோசகரிடமோ முழுக் கதையையும் சொல்லுங்கள். பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பெயர் இல்லாத ஆலோசகரிடம் ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம்.