சோறு போடும் மொழி!

மொழிக்கு மாலை சூட்டுவோர் பலர். வேலை கொடுப்போர் எத்தனை பேர்?

அயர்லாந்தைப் பாருங்கள்! 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழி என்றது. அரியணை கிடைத்தது; ஆனால் அம்மொழி பேசும் மேற்குக் கரையோரக் குடிசையிலே அடுப்பெரிந்ததா? பிழைப்புத் தேடிக் கப்பலேறினான் இளைஞன். பேச்சும் அவனோடு போயிற்று.

உண்மை உணர்ந்தனர். 1980இலே, ஐரிஷ் வழங்கும் வட்டாரங்களில் தொழில் பெருக்கி மொழி காக்க ‘ஊதாராஸ் ந கேல்தாக்தா’ எனும் அமைப்பைக் கண்டனர். 1996இலே ஐரிஷ் தொலைக்காட்சி நிலையம், தலைநகர் டப்ளினிலே அன்று, கானமாராக் கரையிலே எழுந்தது.

எனினும், ஆலை வந்தவிடத்திலே ஆங்கிலம் பேசும் அதிகாரியும் உடன் வந்ததுண்டு. ஆகவே கூறுகிறோம்: ஆலை மட்டும் போதாது, அதனுள்ளே ஆணையும் கணக்கும் கூலிச்சீட்டும் அம்மொழியிலே வேண்டும். சோறு போடும் மொழியே சாகாத மொழி!