காயம் ஆற செல்லுக்கு 'கிளம்பு' சொல்வது யார்? கால்சியம் செய்யும் வேலை!

விரலில் லேசாகக் கத்தி பட்டுவிடுகிறது. ரத்தம் நின்றதும் அதை மறந்தே போவோம். ஆனால், காயத்தின் விளிம்பில் உள்ள தோல் செல்கள் அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குகின்றன. பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்த இந்த எபிதீலியல் செல்கள், மெல்ல நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. இவற்றைக் கிளப்பிவிடுவது எது?

முதல் தகவல்

காயம்பட்ட இடத்தில் 'வளர்ச்சிக் காரணிகள்' எனும் புரதங்கள் வெளியாகும். அதில் முக்கியமானது இஜிஎஃப். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இதைக் கண்டுபிடித்தார். அந்தச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது, எலிக்குட்டிகள் வழக்கத்தைவிட சீக்கிரமாகக் கண் திறந்தன! வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக 1986-ல் ரீட்டா லெவி மொண்டால்சினியும் இவரும் நோபல் பரிசு பெற்றனர்.

கால்சியத்துக்கு என்ன வேலை?

கால்சியம் என்றாலே எலும்பும் பல்லும்தான் ஞாபகம் வரும். செல்லுக்குள் அது ஒரு சிக்னல். வெளியே இருப்பதில் சுமார் 10,000-ல் ஒரு பங்குதான் செல் திரவத்தில் இருக்கும். இஜிஎஃப், செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே ஐபி3 என்ற மூலக்கூறு உருவாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் கால்சியம் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. சேமிப்பு குறைந்ததும் வெளியிலிருந்தும் கால்சியம் உள்ளே வருகிறது.

பிறகு, ஆக்டின் இழைகள் செல்லின் முன்பக்கத்தை நீட்டுகின்றன. பின்பக்கம் பிடி தளர்ந்து, செல் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. இந்தச் சுருக்கத்துக்கும் பிடி தளர்வதற்கும் கால்சியம் உதவுகிறது.

அப்போ, கால்சியம் மாத்திரை போட்டால் காயம் சீக்கிரம் ஆறிவிடுமா? இங்கே முக்கியம் அளவு அல்ல. கதவு எப்போது திறக்கிறது என்பதுதான்.

கதவு மூடாவிட்டால்?

காயம் மூடி, செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் நகர்வது நிற்க வேண்டும். சில நுரையீரல் புற்றுநோய்களில் இஜிஎஃப் ஏற்பியின் மரபணு மாறி, அது எப்போதும் 'ஆன்' நிலையிலேயே இருக்கும். ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன.

இந்த மாத்திரை எடுப்பவர்களில் பலருக்குத் தோலில் பரு போன்ற தடிப்புகள் வருவதும் இதனால்தான். ஆரோக்கியமான தோலுக்கும் அதே சிக்னல்தான் தேவை. பயந்துபோய் மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால், தடிப்பைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது.